செவ்வாய்க் கோள்: பாறை, நீர், நிலத்தோற்றம்

(க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் புவியியல் மாணவர்களுக்கும் பொது அறிவு வினாத்தாளுக்குத் தோற்றுவோருக்கும் உரிய துணைப்பாடம்)



செவ்வாய்க் கோள் பற்றிய பாடம் தொடங்கினால் வகுப்பில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். "சேர், செவ்வாயிலை தண்ணி இருக்கோ, இல்லையோ?" இதற்கு "உண்டு" என்று எழுதினாலும் புள்ளி கிடையாது, "இல்லை" என்று எழுதினாலும் புள்ளி கிடையாது. எங்கே, எந்த நிலையில், எக்காலத்தில், எந்தச் சான்றின்படி என்ற நான்கையும் எழுதுபவருக்கே முழுப் புள்ளி. இந்தப் பாடம் முழுவதும் அந்த நான்கு சொற்களைச் சுற்றியே அமைந்துள்ளது.

நான் விஞ்ஞானப் பிரிவில் படித்தவன் அல்லன், கலைப்பட்டதாரி. நான் மாணவனாக இருந்தபோது குறிப்புப் புத்தகத்தில் "செவ்வாய் வறண்ட கோள். அங்கு நீர் இல்லை" என்று எழுதி மனனம் செய்தேன். அந்தப் புத்தகம் 2009 இடம்பெயர்வில் தொலைந்தது. பின்னர் புதிதாகப் படித்தபோது அந்த வரியே பிழையாகியிருந்தது. எனவே இங்குள்ளவற்றை மனனம் செய்வதோடு நிற்காமல், ஒவ்வொரு முடிவும் எதிலிருந்து பெறப்பட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

1. அடிப்படைத் தரவுகள்

ஞாயிற்றுத் தொகுதியில் புதன், வெள்ளி, புவி, செவ்வாய் ஆகிய நான்கும் பாறைக் கோள்கள். சூரியனிலிருந்து எண்ணும்போது செவ்வாய் நான்காவது. பின்வரும் ஒப்பீட்டை அட்டவணையாக வரைந்து கொள்க.

• சூரியனிலிருந்து சராசரித் தூரம்: புவி 15 கோடி கி.மீ., செவ்வாய் 22.8 கோடி கி.மீ.
• விட்டம்: புவி 12,742 கி.மீ., செவ்வாய் 6,779 கி.மீ.
• ஒரு தற்சுழற்சி: புவி 23 மணி 56 நிமிடம், செவ்வாய் 24 மணி 37 நிமிடம்
• ஓர் ஆண்டு: புவி 365 நாட்கள், செவ்வாய் 687 புவி நாட்கள்
• அச்சின் சாய்வு: புவி 23.4 பாகை, செவ்வாய் 25.2 பாகை
• மேற்பரப்பு ஈர்ப்பு: புவியை 1 எனக் கொண்டால் செவ்வாய் 0.38
• வளியமுக்கம்: புவி 1013 மில்லிபார், செவ்வாய் ஏறத்தாழ 6 மில்லிபார்
• வளிமண்டலம்: புவியில் நைதரசன் 78%, ஒட்சிசன் 21%. செவ்வாயில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 95%, எஞ்சியது பெரும்பாலும் நைதரசனும் ஆகனும்
• சந்திரன்கள்: புவிக்கு 1. செவ்வாய்க்கு 2 (போபோஸ், டெய்மோஸ். இரண்டும் 1877இல் கண்டறியப்பட்டவை)

அச்சின் சாய்வு புவியினதை ஒத்திருப்பதால் செவ்வாயிலும் பருவங்கள் உண்டு. ஆண்டு நீளமாதலால் ஒவ்வொரு பருவமும் ஏறத்தாழ இருமடங்கு நீடிக்கும். சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மறை 60 பாகை செல்சியஸ். செவ்வாய் சிறிய கோளாயினும் அதற்குக் கடல் இல்லாததால், அதன் மொத்தப் பரப்பு புவியின் நிலப்பரப்புக்கு ஏறக்குறையச் சமன். இது அடிக்கடி கேட்கப்படக்கூடிய ஒப்பீடு.

2. ஏன் சிவப்பு?

முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மழை பெய்தபின் செம்மண் ஒழுங்கையால் சைக்கிள் ஓடியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பொட்சைட்டு. செவ்வாயின் தூசிக்கும் அதுவே நிறம் கொடுக்கிறது. ஆனால் தூசிப் போர்வைக்குக் கீழே உள்ள பாறை பெரும்பாலும் பசால்ற்று எனும் கருநிற எரிமலைப் பாறையாகும். தரையுலாவிகள் துளையிட்ட இடங்களிற் சாம்பல் நிறத் தூளே வெளிவந்தது. சிவப்பு என்பது மேற்தோல் மட்டுமே.

நீரில்லாத காற்றில் இரும்பு மெல்ல ஒட்சியேறியே இச்சிவப்பு வந்தது என முன்னர் பலர் கருதினர். நீரைத் தன்னுள் கொண்ட ஒருவகை இரும்பொட்சைட்டே தூசியின் முக்கிய கூறு என 2025இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அப்படியாயின் துருவேறிய காலத்தில் அங்கு குளிர்ந்த நீர் இருந்திருக்க வேண்டும்.

3. பெரும் நிலத்தோற்றங்கள்

(அ) இரு அரைக்கோள வேறுபாடு: தென்பகுதி உயர்ந்தது, பழையது, மோதற்குழிகள் நிறைந்தது. வடபகுதி தாழ்ந்தது, மட்டமானது, குழிகள் குறைந்தது. ஒரு நிலத்தில் மோதற்குழிகள் அதிகமெனில் அது நெடுங்காலம் மாற்றமின்றிக் கிடந்த பழைய நிலம். குழிகள் குறைவெனில் எரிமலைக் குழம்போ அடையலோ பின்னர் அதை மூடியிருக்கிறது. கோள்களின் நிலவயதை மதிப்பிடும் இந்த முறையை மறவாதீர்கள்.

(ஆ) ஒலிம்பஸ் எரிமலை: ஏறத்தாழ 22 கி.மீ. உயரமும் 600 கி.மீ. அகலமும் உடைய கேடய எரிமலை. ஞாயிற்றுத் தொகுதியில் அறியப்பட்ட மிகப் பெரிய எரிமலை இதுவே. இதன் அடித்தளத்தில் நான்கு இலங்கைகளை வைக்கலாம். இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இரண்டு காரணங்கள் எழுதுக. முதலாவது, செவ்வாயில் புவியைப் போன்ற தகட்டோட்டம் இல்லை. ஹவாயில் பசுபிக் தகடு நகர்வதால் எரிமலைகள் வரிசையாக உருவாகின்றன. செவ்வாயில் ஓடு நகராததால் ஒரே இடத்திற் குழம்பு குவிந்தது. இரண்டாவது, ஈர்ப்பு குறைவாதலால் உயர்ந்த மலையும் தன் பாரத்தைத் தாங்குகிறது.

(இ) மரினர் ஆழ்பள்ளத்தாக்கு: ஏறத்தாழ 4,000 கி.மீ. நீளம், இடத்துக்கிடம் 7 கி.மீ. வரை ஆழம். இது ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு என எழுதுவது பிழை. ஓடு இழுபட்டு வெடித்ததே அடிப்படைக் காரணம். நிலச்சரிவும் தின்னலும் பின்னர் அதை அகலப்படுத்தின.

(ஈ) எல்லாஸ் வடிநிலம்: தென்னரைக்கோளத்தில் ஏறத்தாழ 2,300 கி.மீ. அகலமான மோதல் வடிநிலம். 7 கி.மீ.க்கு மேல் ஆழமானது.

(உ) துருவப் பனிக்கவிப்புகள்: இரு துருவங்களிலும் நீர்ப்பனி தடித்த படைகளாக உள்ளது. மாரியில் அதன்மேல் காபனீரொட்சைட்டு உறைந்து படிகிறது, கோடையில் அது வாயுவாகிறது. தென்துருவத்தில் மட்டும் காபனீரொட்சைட்டுப் பனியின் மெல்லிய படை ஆண்டு முழுவதும் எஞ்சுகிறது.

(ஊ) மணற்குன்றுகளும் தூசிப்புயல்களும்: இன்று செவ்வாயின் முகத்தை மாற்றும் முதன்மைக் கருவி காற்று. 2018இல் கோள் முழுவதையும் மூடிய தூசிப்புயலினால் சூரிய ஒளி கிடைக்காமல் ஒப்பர்சூனிற்றி தரையுலாவி செயலிழந்தது. 90 நாட்களுக்கென அனுப்பப்பட்ட அக்கருவி 2004 முதல் 14 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 45 கி.மீ. ஓடியது.

4. நிலவியற் காலங்கள்

• நோவாக்கியன் (ஏறத்தாழ 410 முதல் 370 கோடி ஆண்டுகளுக்கு முன்): மோதல்கள் அதிகம். ஆறுகள், ஏரிகள், களிமண் கனிப்பொருட்கள் உருவான காலம்.
• எசுப்பீரியன் (370 முதல் 300 கோடி): எரிமலைகள், திடீர்ப் பெருவெள்ளங்கள், சல்பேற்று உப்புகள்.
• அமசோனியன் (300 கோடி முதல் இன்றுவரை): குளிர், வறட்சி, காற்று, பனி.

எங்கள் காலடியில் உள்ள பாறையோடு இதை ஒப்பிடுக. வன்னியின் பெரும்பகுதியைத் தாங்குவது மிகப் பழைய பளிங்குருப் பாறை. இலங்கையின் பாறைப் பிரிவுகளில் ஒன்றுக்கு நிலவியலாளர் "வன்னித் தொகுதி" என்றே பெயரிட்டுள்ளனர். வடக்கு, வடமேற்கு ஓரமாகவும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதன்மேல் இளைய மயோசீன் சுண்ணாம்புக்கல் படிந்துள்ளது. பழையது கீழே, இளையது மேலே. செவ்வாயின் படைகளை வாசிப்பதும் இதே விதியினால்தான்.

5. நீர் இருந்தது என்பதற்குச் சான்றுகள்

இப்பகுதியே பாடத்தின் உயிர். ஆவணி மாதத்தில் வற்றிக் கிடக்கும் ஒரு குளத்துக்குள் இறங்கி நில்லுங்கள். தண்ணீர் இல்லை. ஆனாலும் தண்ணீர் நின்றது என்பதை ஒரு சிறு பிள்ளையும் சொல்லும். எப்படி?

முதலாவது, உருண்ட கூழாங்கல். ஓடும் நீரில் ஒன்றோடொன்று மோதிய கல்லே முனை மழுங்கி உருளும். கியூரியோசிற்றி தரையுலாவி 2012இல் கேல் மோதற்குழியில் இறங்கிய சில வாரங்களில், உருண்ட கற்கள் ஒட்டி இறுகிய பாறையைக் கண்டது. அவற்றின் பருமனைக் கொண்டு, அங்கு ஓடிய ஆற்றின் ஆழம் கணுக்காலளவு முதல் இடுப்பளவு வரை என மதிப்பிட்டனர்.

இரண்டாவது, கழிமுகம். கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தினுள் நுழையும்போது வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததும் பருமணல் முதலில் விழும், நுண்மணல் சற்று அப்பால், களி தொலைவில். செவ்வாயின் ஜெசெரோ மோதற்குழி 45 கி.மீ. அகலமானது. அதன் மேற்கு ஓரத்தில் ஓர் ஆறு விரித்துவிட்ட விசிறிபோன்ற கழிமுகம் தெளிவாகத் தெரிகிறது. அதனாலேயே பேர்சிவியரன்ஸ் தரையுலாவி 2021 பெப்ரவரி 18இல் அங்கு இறக்கப்பட்டது. ஏரி இல்லாமல் இத்தகைய கழிமுகம் உருவாகாது.

மூன்றாவது, களி. நுண்ணிய களி கலங்காத நீரிலேயே மெல்லப் படியும். 2013இல் கியூரியோசிற்றி துளையிட்ட சேற்றுப்பாறையிற் களிமண் கனிப்பொருட்கள் இருந்தன. அது அதிக உவர்ப்போ அமிலத்தன்மையோ இல்லாத ஏரி நீரிற் படிந்தது என முடிவு செய்தனர்.

நான்காவது, உப்பு. ஆனையிறவு உப்பளத்தில் கடல்நீர் ஆவியாகும்போது முதலில் ஜிப்சமும் பின்னர் கறியுப்பும் படிகின்றன. நீர் போய்விட்டாலும் உப்பு சாட்சியாக நிற்கும். ஒப்பர்சூனிற்றி 2011இல் ஒரு பாறை வெடிப்பில் ஜிப்சம் நரம்பைக் கண்டது. வெடிப்பினூடாக நீர் ஓடியிராவிட்டால் அது அங்கு படிந்திருக்க முடியாது. அதே உலாவி முன்னர் கண்ட ஏமத்தைற்று உருண்டைகளும் நிலக்கீழ் நீரில் உருவானவையே.

6. இன்று நீர் எங்கே?

செவ்வாயின் வளியமுக்கத்தில் ஒரு கிண்ணம் நீரை வெளியே வைத்தால் நிலைக்காது. ஒன்று உறையும், அல்லது ஆவியாகும். பனிக்கட்டி சூடேறினாலும் திரவமாகாமல் நேரே வாயுவாகும். இது பதங்கமாதல். 2008இல் பீனிக்ஸ் விண்கலம் வடதுருவத்துக்கு அண்மையில் மண்ணைக் கிண்டியபோது வெண்ணிறக் கட்டிகள் தென்பட்டன. நான்கு நாட்களில் அவை மறைந்தன. உப்பாயின் மறைந்திராது, காபனீரொட்சைட்டுப் பனியாயின் அவ்வளவு நேரம் நின்றிராது. எனவே அது நீர்ப்பனி. இந்த விலக்கல் முறைத் தருக்கத்தை அப்படியே விடையில் எழுதலாம்.

இன்றைய நீரின் இருப்பிடங்கள்:
• துருவப் பனிக்கவிப்புகளில்
• உயர், இடை அகலக்கோடுகளில் நிலத்தடிப் பனியாக (2002இல் ஒடிசி விண்கலம் மேல்மண்ணில் ஐதரசனை அளந்து காட்டியது)
• கொரோலெவ் போன்ற மோதற்குழிகளில் (82 கி.மீ. அகலக் குழியில் ஏறத்தாழ 1.8 கி.மீ. தடிப்பான பனி)
• கனிப்பொருட்களினுள் பிணைந்து
• வளிமண்டலத்தில் மிகச் சிறிதளவு நீராவியாக

ஆழத்தில் திரவநீர் உண்டா? 2018இல் இத்தாலிய ஆய்வாளர்கள் தென்துருவப் பனிக்குக் கீழே திரவநீர் இருப்பதாக றேடார் தரவைக் கொண்டு அறிவித்தனர். வேறு ஆய்வாளர்கள் களிமண்ணே அத்தகைய தெறிப்பைத் தரலாம் என்றனர். இன்சைற் விண்கலம் 2018 முதல் 2022 வரை 1,300க்கும் மேற்பட்ட செவ்வாய் நடுக்கங்களைப் பதிவு செய்தது. அத்தரவைக் கொண்டு 11.5 முதல் 20 கி.மீ. ஆழத்தில் பாறை வெடிப்புகளில் நீர் தங்கியிருக்கலாம் என 2024இல் ஓர் ஆய்வு கூறியது. எங்கள் கடும்பாறைப் பகுதிக் குழாய்க்கிணறுகளுக்கு வெடிப்புகளிலிருந்து நீர் வருவதை நினைத்துக் கொள்க. ஆயினும் இது ஊகமே. "இருக்கலாம்" என்று எழுதுக, "இருக்கிறது" என்று எழுதற்க.

7. நீர் ஏன் போயிற்று?

செவ்வாய் சிறியது. அதன் உட்பகுதி விரைவாகக் குளிர்ந்தது. உருகிய இரும்பு அகணி சுழன்று உண்டாக்கிய காந்தப்புலம் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓய்ந்தது. காப்பு இல்லாத வளிமண்டலத்தைச் சூரியக்காற்று மெல்ல உரித்தெடுத்தது. வளி குறைய அமுக்கம் குறைந்தது, வெப்பமும் குறைந்தது. நீரின் ஒரு பகுதி விண்வெளிக்குத் தப்பியது. ஒரு பகுதி உறைந்தது. ஒரு பகுதி கனிப்பொருட்களில் சிறைப்பட்டது. 2014 முதல் மாவென் விண்கலம் இந்த வளியிழப்பை நேரடியாக அளந்தது.

8. எமது அயலவர் பங்கு

1865 ஆகஸ்ட் 25இல், இன்றைய பீகார் மாநிலத்தின் கயா மாவட்டத்திலுள்ள ஷெர்காட்டியில் ஒரு விண்கல் விழுந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே அது செவ்வாயிலிருந்து வந்தது எனத் தெரிந்தது. அதே இனத்தைச் சேர்ந்த, அந்தாட்டிக்காவிற் கிடைத்த ஒரு கல்லினுள் அடைபட்டிருந்த வாயு, 1976இல் வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் அளந்த வளியோடு பொருந்தியது. இன்று அவ்வகைக் கற்கள் அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

இந்தியாவின் மங்கள்யான் விண்கலம் 2013 நவம்பர் 5இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2014 செப்ரெம்பர் 24இல் செவ்வாய்ச் சுற்றுப்பாதையை அடைந்தது. செலவு ஏறத்தாழ 450 கோடி இந்திய ரூபா. திட்டப் பணிப்பாளர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன். ஐந்து கருவிகளுள் ஒன்று நிறக்கமரா. இன்னொன்று வளிமண்டல ஐதரசனை, அதாவது நீர் தப்பிய வழியை, ஆராய்வதற்கானது. ஆறு மாதத்துக்கெனத் திட்டமிடப்பட்ட கலம் 2022 ஏப்ரலில் தொடர்பு அறும்வரை இயங்கியது.

9. விஞ்ஞானம் தன்னைத் திருத்திய இடங்கள்

• 1877இல் இத்தாலியரான சியாபரெல்லி தொலைகாட்டியிற் கோடுகளைக் கண்டு "வாய்க்கால்கள்" என்ற பொருளில் எழுதினார். மொழிபெயர்ப்பில் அது வெட்டப்பட்ட கால்வாயாகி, வெட்டிய மனிதரும் கற்பனையில் வந்தனர். 1965இல் மரினர் 4 எடுத்த படங்களில் மோதற்குழிகளே இருந்தன. 1971இல் செவ்வாயை அடைந்த மரினர் 9 உண்மையான வறண்ட ஆற்றுப்பாதைகளைக் காட்டியது.
• 2011இல் சரிவுகளிற் பருவத்துக்குப் பருவம் தோன்றும் கருங்கோடுகள் அறியப்பட்டன. 2015இல் அவை உவர்நீர்க் கசிவு என அறிவிக்கப்பட்டது. 2017இல் உலர்மணல் சரிவே அதற்குப் பொருத்தமான விளக்கம் எனக் காட்டப்பட்டது.
• 2024இல் பேர்சிவியரன்ஸ் ஜெசெரோவில் புள்ளிகள் நிறைந்த ஒரு பாறையில் மாதிரி எடுத்தது. அப்புள்ளிகள் பண்டைய நுண்ணுயிரின் அடையாளமாக இருக்கக்கூடும் என 2025 செப்ரெம்பரில் ஆய்வு வெளியானது. உயிரின்றியும் அவை உருவாகலாம். எனவே "செவ்வாயில் உயிர் கண்டுபிடிக்கப்பட்டது" என எழுதினால் அது பிழை.

10. பரீட்சைக்கு

சுருக்க வினாக்கள்:
(1) செவ்வாயின் தூசிக்குச் செந்நிறம் தருவது எது? – இரும்பொட்சைட்டு.
(2) ஞாயிற்றுத் தொகுதியின் மிகப் பெரிய எரிமலை எது? – ஒலிம்பஸ்.
(3) ஜெசெரோ தெரிவு செய்யப்பட்டதன் காரணம் யாது? – பண்டைய ஏரியும் கழிமுகமும் இருந்த இடம்.
(4) பனிக்கட்டி திரவமாகாமல் வாயுவாதல் எவ்வாறு அழைக்கப்படும்? – பதங்கமாதல்.
(5) மங்கள்யான் செவ்வாயை அடைந்த ஆண்டு? – 2014.

கட்டுரை வினா: "செவ்வாய்க் கோளில் முற்காலத்தில் நீர் ஓடியது." சான்றுகளுடன் ஆராய்க.

விடைத் திட்டம்: (அ) இன்றைய வளியமுக்கத்தையும் வெப்பநிலையையும் கூறித் தொடங்குக. (ஆ) நிலவடிவச் சான்று: ஆற்றுப்பாதை, கழிமுகம். (இ) பாறைச் சான்று: கூழாங்கல், சேற்றுப்பாறை. (ஈ) கனிப்பொருட் சான்று: களி, ஜிப்சம், ஏமத்தைற்று. (உ) நீர் இழக்கப்பட்ட விதம். (ஊ) இன்று பனியாக எஞ்சிய இடங்கள். (எ) உறுதியானது எது, ஊகம் எது எனப் பிரித்து முடிக்க.

ஒவ்வொரு சான்றுக்கும் இடம், விண்கலம், ஆண்டு மூன்றையும் சேர்த்தால் விடை கனம் பெறும். அளவுகளுக்கு அலகு எழுத மறவாதீர்கள். படம் வரைந்தால் பெயரிடுங்கள்.

இறுதியாக ஒரு செயற்பாடு. விடுமுறையில் உங்கள் ஊர்க் குளத்துக்குப் பெரியவர் ஒருவரோடு சென்று, நீர் இறங்கிய கரையில் மணல் எங்கே, களி எங்கே, வெடிப்பு எங்கே எனக் குறித்து ஒரு படம் வரைந்து வாருங்கள். இரணைமடுவோ வவுனிக்குளமோ முத்தையன்கட்டோ கோடையில் எவ்வளவு வற்றினாலும், அடுத்த மாரி வந்து நிரப்பி வான் பாயவும் வைக்கும். 2018 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். செவ்வாயின் குளங்களுக்கு அந்த அடுத்த மாரி வரவேயில்லை. நீரைத் தாங்கி வைத்திருப்பது குளக்கட்டு மட்டுமன்று, எமக்கு மேலேயுள்ள வளிமண்டலமும்தான் என்பதை இப்பாடத்திலிருந்து நினைவில் வைத்திருங்கள்.

விடைகளைச் சுயமாக எழுதிப் பழகுங்கள். பரீட்சையில் சித்திபெற வாழ்த்துகள்.